வெல்லக் கொட்டகையில் பாடிய பகல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு நான் எழுதியது என்றால் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்தும், மகளைக் கட்டிக்கொடுத்த புதிதில் அவளுக்குப் போட்ட இரண்டு கடிதமும்தான். மறதியும் ஜாஸ்தியாகிவிட்டது. போன வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோழிக்குத் தவிடு போடப் போனவள், புகை நாற்றம் வந்த பிறகுதான் திரும்பினேன். அதனால் முன்னது பின்னதாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டினவர். அவர் செத்து எத்தனையோ வருஷம் கழித்து, அந்தப் பாட்டுகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போடப் போவதாகச் சொல்லிச் சில பேர் வந்தார்கள். "முன்னாடி நாலு பக்கம் நீங்க எழுதித் தாங்கம்மா, வாத்தியார் எப்பிடிப் பாட்டுக் கட்டுவாருன்னு" என்று கேட்டார்கள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவளில்லை. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே என்று ஒத்துக்கொண்டேன்.

எப்படிக் கட்டினார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஆற்றுப் பக்கம் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். தண்ணீர் திருப்பும்போது மண்வெட்டியை வரப்பில் தட்டித் தட்டித்தான் முதல் அடி பிடிப்பார். வீட்டுக்கு வந்து ஆர்மோனியத்தில் வைத்துப் பார்ப்பார். எழுத மாட்டார். எழுதினால் பாடுகிறவன் கண்ணால் பாடுவான், காதால் பாட மாட்டான் என்பார். எந்த ஊரில் நாடகம் வைக்கிறார்களோ அந்த ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கி, ஆளுக்கேற்ற பாட்டைக் கட்டி வாயிலேயே ஏற்றிவிட்டு வருவார். ஊர்த்தெருவுக்கும் போவார், காலனிக்கும் போவார். காலனிக்குப் போய்விட்டு வந்தால் எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதற்கெல்லாம் அவர் கவலைப்பட்டதில்லை. நான்தான் தண்ணிக் குழாயடியில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன்.

இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. நான் எழுத வந்தது இது இல்லை.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டை மறித்த வருஷங்கள் அவை. கேட்டது நியாயம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். என் தம்பி பத்தாவது தேறிவிட்டு ஏழு வருஷம் மனுப் போட்டான். ஒரு வேலையும் வரவில்லை. கரும்பு வெட்டும் கத்தியோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதை வாசலில் வீசி எறிவான். அவன் கோபம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் மணலூர்பேட்டையிலிருந்து மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் ரோட்டோரம் இருந்த புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். இரண்டு நாள் காதில் கோடாலிச் சத்தம் தவிர வேறொன்றும் விழவில்லை. ஒரு மரம் சாயும்போது பொம்பளை அலறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு தரை அதிரும். அடுக்கில் இருந்த பாத்திரமெல்லாம் கடகடக்கும். பஸ் ஒன்று பாலத்துக்கிட்ட எரிந்தது. டயர் நாற்றம் சோற்றில்கூட இருந்தது.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. ஆம்பிளைகள் கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். ஆம்பிளை இல்லாத வீட்டில் போலீஸ்காரர்கள் குடத்தை உடைத்தார்கள், நெல் குதிர்களைப் பூட்ஸ் காலால் உதைத்துச் சாய்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் கண் தெரியாதவர், ஓட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலில் அடித்தார்கள். என் தம்பியைக் கரும்புக்குள்ளேயே பிடித்து அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவன் சட்டை கழற்ற முடியாதபடி ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வெந்நீர் விட்டு விட்டு உரித்தேன். முதுகில் ஏழு வரி. அவன் கத்தவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "எண்ணு யக்கா, எண்ணி வையி" என்றான். எண்ணினேன்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்து, குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று சொல்லி நாள் கொடுத்திருந்தார்கள். ரோடு திறந்ததும் போக வேண்டியதுதான். அப்போதே குரல் போய்விட்டது. பேசினால் துருத்தியில் ஓட்டை விழுந்த மாதிரி காற்றுதான் வரும். பக்கத்தில் போய்க் காதை வைத்தால் இரண்டு சொல் புரியும்.

அவரிடம் பாடம் பண்ணினவர்களில் கட்டியக்காரர் வேஷம் போடுகிறவர் ஒருவர், அதாவது நாடகத்தில் சிரிக்க வைக்கிற வேஷம். அவர்தான் வயல்வழியாக வந்து உட்கார்ந்தார்.

"இன்னா வாத்தியாரே, ரோட்ட மறிச்சாங்க, பஸ்ஸ மறிச்சாங்க, ஒம் பாட்டயுமா மறிக்கப் போறாங்க? கத வேணாம், வேஷம் வேணாம். நீ கட்டுன பாட்ட மட்டும் ஒண்ணு பின்னால ஒண்ணா பாடிடலாம். அவனவன் வேல இல்லாம வூட்டுல ஈ ஓட்டிக்கினுதான கெடக்கறான்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிப்பு மட்டும் பழைய மாதிரியே இருந்தது. என்னை அருகில் கூப்பிட்டு, காதில் சொன்னார்: "அவன் வரணும்."

அவன் என்று சொன்னது காலனியில் இருந்த பெண் வேஷக்காரரை. கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர். நிலம் கிடையாது. அவருக்காகக் கட்டின பாட்டுகள்தான் என் வீட்டுக்காரர் கட்டினதிலேயே நல்ல பாட்டு. அவை அவர் வாயில் மட்டும்தான் இருந்தன. கட்டியக்காரர் கொஞ்சம் யோசித்தார். "இப்ப வர சொல்றது..." என்று இழுத்தார். நான்தான் மறுநாள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிற சாக்கில், காலனிப் பெண் ஒருத்தியிடம் சொல்லி அனுப்பினேன். வாத்தியாருக்குக் குரல் எடுக்கப் போகிறார்கள், கட்டாயம் வர வேண்டும் என்று. அந்தச் சேதியை அனுப்பினது நான். யார் மேலும் பழி போட முடியாது.

நாடகம் என்றால் விடிய விடிய நடக்கும். இதைப் பகலில் வைத்தோம். எங்கள் கரும்புக்கு நடுவில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை இருந்தது. மூன்று பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் திறப்பு. காய்ச்சுகிற நாள் இல்லாததால் காலி. கொப்பரையைக் கவிழ்த்து அதன் மேல் ஆர்மோனியத்தை வைத்தார்கள். ஆட்கள் நாற்பது பேர் இருக்கும், அதில் பொம்பளைகள் பத்துப் பேர். நான் கடலை அவித்து எடுத்துப்போனேன். கட்டியக்காரர் மத்தளக்காரரிடம், "மெதுவா தட்டு, சோத்துப் பானைய தட்டற மாதிரி தட்டு, ரோட்டுக்குக் கேக்கக் கூடாது" என்று சொன்னார்.

பெண் வேஷக்காரர் கடைசியில்தான் வந்தார். வேட்டியெல்லாம் சேறு. கையில் சிராய்ப்பு.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல வாத்தியாரம்மா. எங்க தெருப் பொண்ணு ஒண்ணு நெற மாசம், வலி எடுத்துக்கினு வண்டியில துடிக்கிது. ரோட்டுல மரம். நாங்க மூணு பேரு சேந்து உருட்டி வுட்டு வண்டிய அனுப்பிட்டு வந்தோம்."

மரத்தைத் தொடுகிறவன் கையை எடுப்போம் என்று எங்கள் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இதை அப்போதே என் வீட்டுக்காரரிடம் சொல்லி, வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பாடி முடித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவர் பாடுவதைக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

ஆரம்பித்தார்கள். ஆர்மோனியம் வாசித்தது என் வீட்டுக்காரர்தான், கைக்கு ஒன்றும் ஆகவில்லையே. ராஜா வேஷக்காரர் ஒருவர் இரண்டு பாட்டு, மந்திரி ஒருவர் ஒன்று. கட்டியக்காரர் மாப்பிள்ளைப் பாட்டைப் பாடினார்.

"சைக்கிளு வாங்கித் தந்தாத்தான் தாலி கட்டுவாராம்,
ஏறிக்கத் தெரியாதாம், தள்ளிக்கினு வருவாராம்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு பொம்பளை, "என் வூட்டுக்காரர பாத்துதான் கட்டுனிங்களா வாத்தியாரே?" என்று கேட்டாள். அவள் புருஷன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். கதை நடுவில் வராததால் ஒவ்வொரு பாட்டும் தனியாக, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கேட்டும் எனக்கு அன்றைக்குத்தான் சில சொல் காதில் விழுந்தது.

பெண் வேஷக்காரர் முறை வந்தது. எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார், பாடவில்லை.

"பாடுய்யா" என்றார் மத்தளக்காரர்.

"பொடவ கட்டாம எனக்குக் கொரலு வரல" என்றார். சில பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாற்றுப் புடவை ஒன்று துணி மூட்டையில் வைத்திருந்தேன், மாம்பழக் கலரில். எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருத்தி, "ஏண்டி, அத நீ திரும்பக் கட்டுவியா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் சக்கைக் குவியலுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு, பையில் வைத்திருந்த சவுரியை முடிந்துகொண்டு வந்தார். முகத்துக்குப் பூச்சு இல்லை. ஆனாலும் நடையிலேயே பொம்பளை ஆகிவிட்டார். முந்தானையை அவர் செருகின மாதிரி எனக்கு ஒருநாளும் செருக வந்ததில்லை.

"முள்ளு தைச்ச காலுக்கு மருந்து கேக்கல மானே, அவர்
கல்லு மேல படுத்தாரா, கவல அது தானே."

காட்டில் புருஷனைத் தேடிப் போகிறவள் மானிடம் கேட்கிற பாட்டு. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கை மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது பாட்டு பாதியில் மத்தளக்காரர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "வராங்க" என்றார்.

இருபது பேர் இருக்கும். வரப்பு மேல் வரிசையாக வந்தார்கள். கையில் கோடாலி, கத்தி, ஒருவனிடம் சைக்கிள் செயின். முன்னால் என் தம்பி. முதுகு வலியால் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தான்.

பின்பக்கம் சுவர். ஓட வழியில்லை. அப்போது எனக்கு எப்படித்தான் தோன்றியதோ, பெண் வேஷக்காரரின் கையைப் பிடித்து இழுத்துப் பொம்பளைகள் நடுவில் உட்காரவைத்தேன். முந்தானையைத் தலையில் போர்த்தினேன். கொட்டகையில் மாட்டுக்காகக் கட்டி வைத்திருந்த கரும்புத் தோகைக் கட்டுகள் கிடந்தன. "ஆளுக்கு ஒண்ணு தூக்கிக்கோங்க, நானும் வரேன்" என்றேன். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பெரியம்மாகூடக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. கட்டியக்காரர் தன் சைக்கிள் பாட்டை மறுபடியும் எடுத்தார்.

தம்பி உள்ளே வந்தான். "போராட்டம் நடக்குது, ஒங்களுக்குப் பாட்டு கேக்குதா?" என்றான். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "மாமா, நீங்க ஒக்காருங்க. மரத்த உருட்டுன காலனிக்காரன் இங்க வந்தான்னு சொன்னாங்க. அவன மட்டும் எங்க கையில வுடுங்க."

பிறகு என்னைப் பார்த்தான். "யக்கா, அவன் வந்தானா?"

"வர்ல" என்றேன். என் தம்பியிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

"இவங்க எங்க போறாங்க?"

"மாட்டுக்குத் தழ போட வேணாமா? ஒங்க போராட்டத்துக்கு மாடும் பட்டினி கெடக்கணுமா?" என்றாள் பெரியம்மா. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "போ ஆயா, போ" என்று வழி விட்டார்கள். பொம்பளைகளை அவர்கள் தொட மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் செய்தேன்.

ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எழுந்தோம். பெரியம்மா முதலில், இன்னொருத்தி, பிறகு அவர். கட்டு தலையில் இருந்ததால் முகம் தெரியவில்லை. நடை ஒரு துளி பிசகவில்லை. திறப்புக்குப் போக ஆர்மோனியத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அவருக்குப் பின்னால்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரிடம் பாடம் பண்ணினவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேஷத்தோடு இருக்கிறவன் ஆர்மோனியத்துக்கு முதுகு காட்டக் கூடாது. களத்தை விட்டுப் போகும்போது பெட்டியின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூன்று அடி பின்னால் நடந்து, பிறகுதான் திரும்ப வேண்டும். மறந்தவனை அன்றைக்கு மறுபடியும் வேஷம் கட்ட விட மாட்டார். இருபது வருஷப் பழக்கம்.

பெண் வேஷக்காரர் பெட்டிக்கிட்ட வந்ததும், ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓரத்தைத் தொட்டார். கண்ணில் ஒற்றினார். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி பின்னால் போனார். அவருக்கே தெரிந்து செய்யவில்லை. உடம்பு செய்தது. என் வீட்டுக்காரர் கை ஆர்மோனியக் கட்டையிலேயே நின்றுவிட்டது.

கூட்டத்தில் ஒருவன், "பாருடா, பொம்பளைக்குப் பெட்டி மேல எவ்ளோ பக்தி" என்று கிண்டல் பண்ணினான். அவர்களில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒரே ஒருத்தனுக்குத்தான். என் தம்பியும் என் வீட்டுக்காரரிடம் நான்கு வருஷம் பாடம் பண்ணினவன். அந்தப் பெண் வேஷத்துக்கு ஜோடியாக ராஜா வேஷம் கட்டினவன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் நினைத்திருந்தால் விட்டிருக்கலாம். மூன்று அடி வெளியே வைத்திருந்தால் அவர் கரும்புக்குள் போயிருப்பார்.

"மூட்டைய எறக்கு" என்றான் தம்பி.

அவர் இறக்கவில்லை. தம்பி கோடாலியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் ஒரே அடி, தாடையில் அடித்தான். கரும்பு முறிகிற சத்தம். கட்டு விழுந்தது, அவர் விழுந்தார். பல் இரண்டு ஆர்மோனியத்துக் கட்டை மேல் தெறித்தது. அதன் பிறகு எல்லாரும் பாய்ந்தார்கள். சவுரியைப் பிடித்து இழுத்தார்கள், அது கையோடு வந்ததும் ஒருவன் சிரித்தான். செயினால் அடித்தார்கள். "பொடவ கட்டிக்கினு ஏமாத்தறியாடா" என்று சொல்லிச் சொல்லி மிதித்தார்கள். வெளியே வரப்பில் போட்டு, எந்தக் கையால் மரத்தை உருட்டினாய் என்று கேட்டார்கள். அவரால் வாய் திறக்க முடியவில்லை. இரண்டு கையையும் மிதித்தார்கள். மாம்பழக் கலர் புடவை மண்ணும் ரத்தமுமாக இன்ன கலர் என்றே தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கத்தினார். காற்றுதான் வந்தது. எழுந்து போய் அவர் மேல் விழப் பார்த்தார், யாரோ தள்ளிவிட்டார்கள். ஆர்மோனியத்தை ஒருவன் உதைத்தான், அது கொப்பரையில் இருந்து உருண்டு ஒரு பெரிய மூச்சு விட்டது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், தோகைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். "போதும்டா, டேய், போதும்டா" என்று சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை. உரக்கக் கத்தி எனக்குப் பழக்கம் இல்லை. அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை.

காப்பாற்றினது கட்டியக்காரர்தான். மைக் இல்லாமல் மூவாயிரம் பேருக்குக் கேட்கிற தொண்டை அவருடையது. கரும்புக்குள் புகுந்து தூரத்தில் போய் நின்றுகொண்டு, "போலீஸ் வேன்! ரெண்டு வேன் வருது! ஓடுங்கடா!" என்று கத்தினார். முதுகில் வரி வாங்கினவர்கள்தானே எல்லாரும். ஓடினார்கள். என் தம்பி கடைசியாக ஓடினான். வேன் ஒன்றும் வரவில்லை.

வண்டி கட்டிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் வீட்டுக்காரர் நடக்கிற நிலையில் இல்லை. என்னைப் பார்த்துக் கையால், நீ போ என்றார். அடிபட்டவர் தலையை என் மடியில் வைத்து, தாடையை முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். எங்கள் தெருப் பொம்பளை ஒருத்தி காலனிக்காரர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போவதை வழியில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் வண்டியை வயலில் இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு இறக்கத்திலும் அவர் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. வழியில் திரும்பிப் பார்த்தபோது காலனிப் பக்கம் புகை எழுந்தது. நாலு வீடு என்று பிறகு தெரிந்தது. அவர் வீடும் அதில் ஒன்று.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். நோட்டை விரித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"நீதானம்மா கூட்டிக்கினு வந்தது? யாரு அடிச்சது?"

"கூட்டமா வந்தாங்கய்யா."

"மொத அடி யாரு அடிச்சது? ஒன் கண்ணு முன்னாலதான நடந்துது?"

கட்டிலில் அவர் படுத்திருந்தார். தாடையில் கட்டு, முகமெல்லாம் வீக்கம். கண் இரண்டும் திறந்திருந்தன. பேச முடியாது. இரண்டு கையிலும் மாவுக்கட்டு, எழுதிக் காட்டவும் முடியாது. அவர் பார்த்தது போலீஸ்காரரை இல்லை, என்னை. எனக்கு அந்த நேரத்தில் என் தம்பி முதுகில் இருந்த ஏழு வரி ஞாபகம் வந்தது. இவர்கள் கையில் கொடுத்தால் எட்டாவது வரியோடு நிற்குமா என்று நினைத்தேன்.

"தெரியலிங்க" என்றேன். "மொகத்த சரியா பாக்கல."

அதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த கையெழுத்து.

ரோடு திறந்தது. பாண்டிச்சேரியில் என் வீட்டுக்காரருக்குக் குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஓட்டையோடு இன்னும் ஆறு வருஷம் இருந்தார். கேஸ் ஒன்றும் நிற்கவில்லை. பார்த்தவர்கள் யாரும் பார்க்கவில்லையே. கட்டியக்காரரையும் மத்தளக்காரரையும் குறை சொல்ல மாட்டேன். வாத்தியார் வீட்டு அம்மாவே பார்க்கவில்லை என்றால் அவர்கள் எப்படிப் பார்த்ததாகச் சொல்வார்கள்?

பெண் வேஷக்காரர் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் சிலேட்டில் எழுதிக் காட்டினார். மானே பாட்டில் மூன்றாவது அடி அவருக்கே மறந்துவிட்டது, அவனைக் கேட்க வேண்டும் என்று. கச்சிராயபாளையம் போய் மலை பஸ் ஏறினோம். வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் இறங்கி விசாரித்து நடந்தோம். மரவள்ளிக் காட்டுக்குப் பன்றி வராமல் காவல் இருந்தார். தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேசினால் எச்சில் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டே பேசினார். கட்டைவிரல் மடங்கவில்லை.

என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் காலில் விழுந்தார். இரண்டு பேருக்கும் பாடுகிற குரல் இல்லை. சிலேட்டைக் காட்டினதும் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

"பாட்டு எல்லாம் மறந்துடுச்சி வாத்தியாரே" என்றார்.

பொய். அவர் விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மூன்றாவது அடி வருகிற இடத்தில் விரல் நின்றது, பிறகு தொடர்ந்தது. அதை என் வீட்டுக்காரரும் பார்த்திருப்பார். ஒன்றும் எழுதவில்லை, சிலேட்டைத் துடைத்துவிட்டார்.

அவித்த கிழங்கு கொண்டுவந்து வைத்தார். எனக்குக் கொடுக்கும்போது, "வாத்தியாரம்மா, ஒங்களுக்குக் கண்ணு நல்லாத்தான தெரியுது?" என்று கேட்டார். குத்தலாகக்கூடக் கேட்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"தெரியுது" என்றேன்.

"அப்ப சரி. சாப்புடுங்க."

சாப்பிட்டேன். உப்புப் போட்டிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது மலை வளைவில் எல்லாம் வாந்தியாக வந்துவிட்டது.

என் தம்பி இன்னும் இருக்கிறான். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குச் சீர் கொண்டுவருகிறான், கரும்பும் வெல்லமும் புடவையும். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. இந்தப் புத்தகம் வந்தால் அவன் படிப்பான், என்னைவிட அவனுக்கு நன்றாகப் படிக்க வரும். முதல் அடி அவன் அடித்தது. நான் பார்த்தேன். இரண்டு முழம் தூரத்தில் நின்று பார்த்தேன். பகல், வெளிச்சம் நன்றாக இருந்தது. போலீஸ் நோட்டில் என் கையெழுத்துக்கு மேலே இருப்பது பொய்.

புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்றைக்கு மொத்தம் பதினொரு பாட்டா பன்னிரண்டா என்று எனக்கு நிச்சயமில்லை. மந்திரி பாட்டு முதலிலா, மாப்பிள்ளைப் பாட்டு முதலிலா என்பதும் குழப்பம். அது என்ன மாதம் என்று தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதையெல்லாம் யாராவது விசாரித்துச் சரி பாருங்கள். மானே பாட்டில் மூன்றாவது அடியை நான் எழுதிக் கொடுத்த மாதிரி அச்சில் போட்டுவிடாதீர்கள், அது என் உத்தேசம். பெண் வேஷக்காரர் உயிரோடு இருந்தால் மலைக்குப் போய் அவரிடம் கேளுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பக்கங்களையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் தப்பு என்று அவர் சொல்கிறாரோ, அதை என்னைக் கேட்காமலேயே திருத்திவிடுங்கள்.